ஒரு தாள், இரண்டு வாசிப்புகள்: உளவியக்க அணுகுமுறையும் சி.பி.டி.யும்

ஐந்தாவது செஷனுக்கு வரும் பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். போன வாரம் தெரபிஸ்ட் கொடுத்தனுப்பிய எண்ணப் பதிவேடு அது. என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, பதற்றம் எவ்வளவு, அந்த எண்ணத்துக்குச் சாதகமாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று கட்டம் கட்டமாகப் பிரித்த தாள். ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. தெரபிஸ்ட் வியப்போடு பார்க்கிறார். "முதல்ல எழுதினது கோணல்மாணலா இருந்தது மேடம். அதான் நேத்து ராத்திரி உட்கார்ந்து வேற தாள்ல சுத்தமா எழுதிட்டேன்" என்கிறார் அவர்.

இந்தப் பெண் யாரும் இல்லை, விளக்கத்துக்காக நான் கற்பனை செய்துகொண்ட ஆள். வயது 34. ஆறு மாதத்துக்கு முன்பு குழுத் தலைவராகப் பதவி உயர்வு கிடைத்தது. அன்றிலிருந்து வாராந்திரக் கூட்டம் என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முந்தைய இரவு தூக்கம் கிடையாது. மூன்று முறை கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்துவிட்டார். அப்பா நடுவயதில் வேலையை இழந்து அதன்பின் வீட்டோடு இருந்தவர், மகள் 98 மதிப்பெண் வாங்கிவந்தால் "மீதி ரெண்டு எங்கே போச்சு?" என்பவர். அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், நாள்கணக்கில் பேசமாட்டார்.

ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து வளர்ந்த உளவியக்க (சைக்கோடைனமிக்) அணுகுமுறை கடந்த காலத்தைத் தோண்டும், சி.பி.டி. எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை இன்றைய எண்ணங்களைத் திருத்தும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வேறுபாடு. தேர்வில் எழுத இது போதும். ஆனால் நல்ல சி.பி.டி. தெரபிஸ்ட் யாரும் 98 மதிப்பெண் கதையைக் கேட்காமல் விடமாட்டார். நல்ல உளவியக்க தெரபிஸ்ட் யாரும் போன வாரக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று விசாரிக்காமல் இருக்கமாட்டார். வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. எதைத் தடயமாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். மேஜைமேல் கிடக்கும் அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அதில் எழுதியிருப்பது முக்கியம், இன்னொருவருக்கு அது சுத்தமாக நகலெடுக்கப்பட்டது முக்கியம்.

சி.பி.டி.யின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் வரைபடம் சீக்கிரம் கைக்குப் பிடிபடும்.

முதல் கேள்வி, இந்தப் பிரச்சினை ஏன் ஆறு மாதமாகத் தானாக அடங்கவில்லை என்பது. பயந்த காரியத்தையே வாராவாரம் செய்துகொண்டிருந்தால் பயம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையாமல் எதுவோ அதைத் தாங்கிப் பிடிக்கிறது. டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் சமூகப் பதற்றத்துக்கு முன்வைத்த மாதிரி இங்கே கச்சிதமாகப் பொருந்தும். கூட்டத்தில் பேசத் தொடங்கியதும் இவருடைய கவனம் எதிரே இருப்பவர்களை விட்டுவிட்டு உள்ளே திரும்புகிறது. முகம் சூடேறுவது தெரிகிறது. அந்தச் சூட்டை வைத்தே, தன் முகம் எல்லோருக்கும் எப்படித் தெரிகிறது என்று ஒரு படத்தை மனதுக்குள் வரைந்துகொள்கிறார். அந்தப் படத்தில் அவர் சிவந்து, நடுங்கி, உளறிக்கொண்டிருக்கிறார். யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்பதை அறிய நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதை மட்டும் செய்யமாட்டார்.

இதோடு சேர்ந்துகொள்பவை பாதுகாப்பு நடத்தைகள். பேச வேண்டியதை வரிவரியாக எழுதிவைத்துக் குனிந்து வாசிப்பது. கை நடுங்குவது தெரியக்கூடாது என்று தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பது. யாரும் கேள்வி கேட்பதற்குள் அவசரமாக முடிப்பது. கூட்டம் ஒரு விபத்தும் இல்லாமல் முடிந்தாலும், "நான் பேசியது பரவாயில்லை போல" என்று மனம் கற்றுக்கொள்வதில்லை. "நல்லவேளை, எழுதிவைத்திருந்தேன்" என்றுதான் கற்றுக்கொள்கிறது. பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் பாதுகாப்பு நடத்தை பற்றி எழுதியதன் சாரம் இதுதான்: பயம் பொய்யென்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே அந்த நடத்தை பறித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, குனிந்தே வாசிப்பவர் பார்ப்பவர்களுக்கு விலகலாகத் தெரிவார், அவர்களும் சற்று விறைப்பாகிவிடுவார்கள். பயந்தது பாதி உண்மையாகிவிடும்.

இந்தச் சுழலுக்குக் கீழே, சி.பி.டி.யின் முன்னோடியான ஆரன் பெக்கின் மரபு மூன்று அடுக்குகளை வைக்கும். மேலே கணத்தில் தோன்றி மறையும் தானியங்கி எண்ணம்: "உளறப்போறேன்." நடுவில் வாழ்க்கை விதி: "தப்பே இல்லாம செஞ்சாத்தான் மதிப்பாங்க." அடியில் ஆதார நம்பிக்கை: "நான் போதாது." அப்பாவின் 'மீதி ரெண்டு' நுழைவது இந்த அடித்தளத்தில்தான். அது விதி எங்கே உருவானது என்பதன் விளக்கம், அவ்வளவே. சிகிச்சை அங்கே போய்த் தங்காது. எழுதாமல் இரண்டு நிமிடம் பேசிப் பார்ப்பது, அதை வீடியோ எடுப்பது, பார்ப்பதற்கு முன் "என் முகம் நூற்றுக்கு எவ்வளவு சிவந்திருக்கும்" என்று எண் போடுவது, பிறகு படத்தைப் பார்த்து மறுபடி எண் போடுவது என்று நடத்தைப் பரிசோதனைகள் தொடங்கிவிடும்.

இந்த வரைபடத்தின் பெரிய சிறப்பு, அது கிளையண்ட் கண்ணெதிரே, அவரோடு சேர்ந்தே வரையப்படுகிறது என்பது. அம்புக்குறி தப்பு என்றால் அவரே பேனாவை வாங்கித் திருத்தலாம். சொல்லப்போனால் அவரும் ஓர் ஆய்வாளர்.

இதே பெண் ஓர் உளவியக்க தெரபிஸ்டிடம் போயிருந்தால் அந்தத் தாள் இருந்திருக்காது, அங்கே வீட்டுப்பாடம் தரும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆனால் அதற்கு ஈடான ஒன்று நிச்சயம் இருந்திருக்கும்: ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து காத்திருப்பது, முடியும் நேரத்தில் "ரொம்பப் பேசிட்டேனா?" என்று கேட்பது, ஒருமுறைகூட எதற்கும் மறுப்புச் சொல்லாதது.

உளவியக்க தெரபிஸ்ட் முதலில் நிற்கும் இடம், "ஏன் இப்போது?" என்பது. பயம் தோல்வியில் தொடங்கவில்லை, பதவி உயர்வில் தொடங்கியிருக்கிறது. ஆசைப்பட்டது கைக்கு வந்த நாளிலேயே சிலர் நொறுங்கிப்போவதை ஃப்ராய்ட் 1916இல் ஒரு தனி வகையாகவே எழுதினார், வெற்றியால் வீழ்பவர்கள் என்று. இந்தப் பெண்ணின் அப்பா வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்தவர். மகள் இப்போது அவரைத் தாண்டிப் போய்விட்டார். தாண்டுவதில் ஒரு திருப்தி இருக்கலாம், 'மீதி ரெண்டு' கேட்ட மனிதருக்கு எதிரான பழைய கோபத்தின் திருப்தி. அந்தத் திருப்தியே குற்றவுணர்வாகவும் திரும்பலாம். கூட்டத்தில் நடுங்கும் குரல், "பாருங்கள், நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை" என்று யாருக்கோ சொல்லும் செய்தியாகவும் இருக்கலாம்.

இதைப் படிக்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் இந்த ஊகத்தை ஒழுங்குபடுத்த அந்த மரபிலேயே கருவிகள் உண்டு. டேவிட் மேலன் 1979இல் விரிவாக விளக்கிய இரண்டு முக்கோணங்கள் அவற்றில் எளிமையானவை. முதல் முக்கோணத்தின் மூன்று முனைகள்: மறைந்திருக்கும் உணர்வு, அது வெளியே வந்துவிடுமோ என்ற பதற்றம், அதை அடக்கும் தற்காப்பு. இவருக்கு அவை முறையே கோபம், படபடப்பு, எப்போதும் புன்னகையோடு இருமடங்கு வேலை செய்வது. கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதை அம்மாவின் மௌனம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டது. இரண்டாவது முக்கோணம் மனிதர்களுடையது: அன்றைய பெற்றோர், இன்றைய மேலதிகாரி, எதிரே உட்கார்ந்திருக்கும் தெரபிஸ்ட். முதல் முக்கோணத்தில் கண்ட அதே வடிவம் இந்த மூன்று முனைகளிலும் திரும்பத் திரும்ப வந்தால்தான் ஊகத்துக்குக் கொஞ்சம் பலம். ஒரு முனையில் மட்டும் என்றால் அது தெரபிஸ்டின் கற்பனையாகவும் இருக்கலாம். லெஸ்டர் லுபோர்ஸ்கி 1970களில் இதையே இன்னும் கறாராக்கினார்: கிளையண்ட் சொல்லும் உறவுச் சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் அவர் விரும்பியது என்ன, மற்றவர் நடந்துகொண்டது எப்படி, அதற்கு இவர் என்ன செய்தார் என்று மூன்றாகப் பிரித்து, எது அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது.

மூன்றாவது முனையில் தெரபிஸ்டே இருக்கிறார் என்பதுதான் இரு மரபுகளுக்கும் நடுவே உள்ள நிஜமான பள்ளம். அறைக்குள் நடப்பதே முதல்தரத் தடயம் என்று உளவியக்க மரபு நம்புவதற்குப் பின்னால் ஒரு தோல்விக் கதை இருக்கிறது. ஃப்ராய்ட் 'டோரா' என்று பெயரிட்ட 18 வயதுப் பெண், வெறும் பதினொரு வாரத்தில், 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவருடைய கனவுகளை ஃப்ராய்ட் வரிவரியாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வேறொருவர் மீதிருந்த மனத்தாங்கலை டோரா ஃப்ராய்ட்மீது இறக்கிவைத்திருப்பதை அவர் கவனிக்கத் தவறினார். 1905இல் அந்தக் கேஸை வெளியிட்டபோது அவரே அதை ஒப்புக்கொண்டார். ட்ரான்ஸ்ஃபரன்ஸ், அதாவது பழைய உறவின் உணர்வுகள் தெரபிஸ்ட்மீது இடம்மாறுவது, அதற்குப் பிறகுதான் அந்த மரபின் மையத்துக்கு வந்தது.

சி.பி.டி.யும் இதே உளப்பகுப்பாய்வு சோபாவுக்குப் பக்கத்தில்தான் பிறந்தது என்பது பலர் மறந்துவிடும் செய்தி. பெக் முறையாகப் பயிற்சி பெற்ற உளப்பகுப்பாளர். மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய கோபம் என்ற கொள்கையை நிரூபிக்கத்தான் 1950களின் பிற்பகுதியில் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது இழப்பும் தோல்வியும். இன்னொரு சம்பவத்தையும் அவர் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு பெண் தன் பாலியல் அனுபவங்களைச் சொல்லிக்கொண்டே பதற்றப்படுகிறார். பேசும் விஷயத்தால் வந்த பதற்றம் என்று பெக் பாடப்புத்தகப்படி நினைத்தார். அந்தப் பெண்ணோ, தன் பேச்சு பெக்குக்குச் சலிப்பூட்டுகிறதோ என்று இவ்வளவு நேரமும் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பேச்சுக்கு அடியில் இன்னோர் ஓடை ஓடுகிறது, கேட்டால் சொல்லிவிடுவார்கள், நனவிலி மனம் வரை இறங்க வேண்டியதில்லை: தானியங்கி எண்ணம் என்ற கருத்து இப்படி வந்தது.

எனக்கு இதில் ஒன்று வேடிக்கையாகப் படும். அந்தப் பெண்ணின் ஓடையில் இருந்தது தெரபிஸ்டைப் பற்றிய எண்ணம். ட்ரான்ஸ்ஃபரன்ஸ் பேசுகிறவர் அதைக் கேட்டால், "இதைத்தானே நாங்கள் சொல்கிறோம்" என்பார். பெக் அதிலிருந்து 'எண்ணம்' என்பதை எடுத்துக்கொண்டார், 'தெரபிஸ்டைப் பற்றி' என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

இனி, இரண்டில் எந்த வாசிப்பு சரி? எல்லாம் ஒன்றுதான், பாதைகள் மட்டும் வேறு என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. இரண்டு வாசிப்புகளும் எதிர்காலத்தைப் பற்றி வேறுவேறாகச் சொல்கின்றன. பாதுகாப்பு நடத்தைகளை விட்டுவிட்டால் சில வாரங்களில் கூட்டப் பயம் இறங்கும், அதோடு விடுப்பு எடுப்பதும் நிற்கும் என்கிறது சி.பி.டி. கூட்டப் பயம் இறங்கினாலும், தன்னை உயரவிடாமல் தடுக்க இவர் வேறு வழி கண்டுபிடிப்பார், அடுத்த உயர்வு வரும்போது ராஜினாமா கடிதத்தோடு வருவார் என்கிறது மற்றது. காத்திருந்தால் யார் சொன்னது நடந்தது என்று ஓரளவு தெரியும். சிக்கல் என்னவென்றால், ராஜினாமா வராவிட்டால் உளவியக்க வாசிப்பு தன்னைத் திருத்திக்கொள்ளுமா, இல்லை "தற்காப்பு இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது" என்று சொல்லுமா? இரண்டாவதைச் சொல்லும் தெரபிஸ்டிடம் நான் போகமாட்டேன்.

சிகிச்சைப் பலனை அளந்த ஆய்வுகள் எந்தப் பக்கமும் முழுவெற்றி கொடுக்கவில்லை. ஜெர்மனியில் சமூகப் பதற்றம் உள்ள 495 பேரை வைத்து ஃபால்க் லைக்ஸன்ரிங் குழு நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. சிகிச்சை முடிவில் பதற்றத்திலிருந்து மீண்டவர்கள் சி.பி.டி.யில் 36 விழுக்காடு, உளவியக்க சிகிச்சையில் 26, வெறுமனே காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 9. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு சிகிச்சைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் மிஞ்சவில்லை. அதே 2013இல் நெதர்லாந்தில் 341 மனச்சோர்வு நோயாளிகளிடம் எலன் டிரீசன் குழு நடத்திய ஆய்விலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் வேலை செய்தன, இரண்டிலுமே முழுதாக மீண்டவர்கள் கால்வாசிக்கும் குறைவு என்ற கசப்பான செய்தியோடு.

ஆனால் எல்லாப் பிரச்சினையிலும் இந்தச் சமநிலை இல்லை. டென்மார்க்கில் புலிமியா எனும் உணவுக் கோளாறு உள்ள 70 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஐந்து மாதத்தில் 20 செஷன் சி.பி.டி.; மறுபாதிக்கு வாரம் ஒருமுறை என இரண்டு ஆண்டு உளப்பகுப்பாய்வு சார்ந்த சிகிச்சை. ஐந்தாவது மாதத்தில் அளவுமீறி உண்பதையும் வாந்தியெடுப்பதையும் நிறுத்தியவர்கள் முறையே 42 விழுக்காடும் 6 விழுக்காடும். இரண்டு ஆண்டு முடிவில் 44க்கு 15. ஆய்வை நடத்தியவர்களில் உளப்பகுப்பாய்வுப் பக்கம் சாய்வு உள்ளவர்களும் இருந்தார்கள், தங்களுக்குப் பாதகமான முடிவை அப்படியே வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த ஆய்வுமீது மரியாதை. சுழல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடத்தில், பட்டினி கிடப்பதும் அதன் எதிர்வினையாக அள்ளி உண்பதும் ஒன்றையொன்று வளர்க்கும் இடத்தில், சுழலை நேரடியாக உடைப்பதுதான் முதல் வேலை என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபார்முலேஷன் என்று தெரபிஸ்ட்கள் சொல்லும் இந்த விளக்க வரைபடத்தின்மீதே வேறு சந்தேகங்களும் உண்டு. ஒரே நேர்காணலை ஐந்து உளப்பகுப்பாளர்களிடம் கொடுத்தால் ஐந்து கதைகள் வரும் என்ற புகார் 1960களிலேயே அந்த மரபுக்குள் எழுந்தது. சி.பி.டி. ஆட்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அவர்களுடைய ஃபார்முலேஷன்களை ஒப்பிட்டபோதும், பிரச்சினைகளின் பட்டியலில் ஒற்றுமை இருந்தது, 'ஆதார நம்பிக்கை' என்று கீழே இறங்க இறங்க ஒற்றுமை சிதறியது. பார்ப்பதில் உடன்படுகிறோம், ஊகிப்பதில் பிரிகிறோம். இதைவிடவும் உறுத்தும் முடிவு 1992இல் டீட்மார் ஷுல்டே குழுவிடமிருந்து வந்தது. ஃபோபியா எனும் மிகைப் பயம் உள்ள 120 பேரில், ஆளுக்கேற்ப வடிவமைத்த சிகிச்சையைவிட எல்லோருக்கும் ஒரே மாதிரி, பயந்ததை நேருக்குநேர் எதிர்கொள்ளவைத்த சிகிச்சை கொஞ்சமும் சளைக்கவில்லை. மனிதரைப் புரிந்துகொள்வது வேறு, அவரைக் குணப்படுத்துவது வேறு என்று இருக்குமோ என்ற கேள்வி இங்கே வருகிறது. எளிய ஃபோபியாவில் ஆமாம் போலத்தான் தெரிகிறது.

புரிதலின் அவசியம் தெரிவது சிகிச்சை முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான். லூயிஸ் காஸ்டங்வே குழு 1996இல் மனச்சோர்வுக்கான சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு விநோதத்தைக் கண்டது. உணர்ச்சிக்குக் காரணம் கிளையண்டின் சிதைந்த எண்ணமே என்பதில் தெரபிஸ்ட் எவ்வளவு அழுத்தமாக நின்றாரோ, பலன் அவ்வளவு குறைவாக இருந்தது. உள்ளே பார்த்தால் காரணம் புரிந்தது. கிளையண்டுக்கு தெரபிஸ்ட்மீதே வருத்தம் வந்து உறவில் விரிசல் விடும்போது, சிலர் அந்த வருத்தத்தையும் இன்னொரு தப்பான எண்ணமாகவே நடத்தி, அதே தாளை மறுபடி நீட்டியிருக்கிறார்கள். நம்முடைய பெண் போன்ற ஒருவர் அந்த நிலையில் சண்டை போடமாட்டார். தலையாட்டுவார், தாளை இன்னும் அழகாக நிரப்பிவருவார், பதற்ற எண்ணை 80இலிருந்து 40 என்று குறைத்தும் எழுதிவிடுவார். பிறகு ஒருநாள் வராமல் நின்றுவிடுவார்.

இந்த இடத்தில்தான் என் சாய்வு. முதல் இரண்டு மாதத்துக்கு எனக்கு சி.பி.டி.யின் வரைபடம் போதும். தப்பென்றால் சீக்கிரம் தெரிந்துவிடும், கிளையண்டுக்கு மறைவாக எதுவும் எழுதப்படுவதில்லை. ஆனால் எல்லாம் மிகச் சரியாக நடக்கும் செஷன்களில் அந்த வரைபடத்துக்குக் கண் தெரிவதில்லை. கீழ்ப்படிதலே நோயாக இருக்கும் ஒருவரிடம் வீட்டுப்பாடம் பூர்த்தியாவது முன்னேற்றமா, நோய்க்குறியா? பால் வாக்டெல் 1977இலேயே இரண்டையும் ஒரே சக்கரமாகப் பார்க்கச் சொன்னார்: பழைய பயம் இன்று நம்மை நடக்கவைக்கும் விதம், எதிரே இருப்பவர்களிடமிருந்து அதே பழைய பதிலைப் பறித்துவருகிறது, அந்தப் பதில் பயத்தை உறுதிசெய்கிறது. கடந்த காலம் எங்கோ புதைந்திருக்கவில்லை, ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தயாராகிறது. இவருடைய தாள் அப்படித் தயாரானது. தெரபிஸ்டிடமிருந்து "சபாஷ்" என்ற சொல்லை வாங்கினால், அவர் இன்னொரு அப்பாவிடம் இன்னொரு 98 வாங்கியிருக்கிறார்.

அறைக்குத் திரும்புவோம். தெரபிஸ்ட் தாளைக் கையில் எடுக்கவில்லை. "நேத்து ராத்திரி நகல் எடுக்கும்போது, இதை யார் படிக்கப்போறாங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதினீங்க?" என்று கேட்கிறார்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "நீங்க சிவப்பு மையில திருத்துவீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்கிறார். சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். முதல் முறையாக அந்தச் சிரிப்பில் ஓர் எரிச்சல் தெரிகிறது.

சி.பி.டி. தெரபிஸ்டாக இருந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே எண்ணக் கட்டத்தில் எழுதச் சொல்லி, அடுத்த வாரம் வேண்டுமென்றே இரண்டு பிழையோடு ஒரு தாளைக் கொண்டுவரச் சொல்வார். உளவியக்க தெரபிஸ்டாக இருந்தால் அந்த எரிச்சலோடு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பழைய தாள், அந்தக் கோணல்மாணல் தாள், பைக்குள் இன்னும் இருக்கிறதா என்று இருவருமே கேட்கக்கூடும்.